டைரக்டரி பாய் போட்ட பாதை

டைரக்டரி பாயிடம் ஏச்சு வாங்காமல் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டவர் ஒருத்தர்கூடக் கிடையாது என்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்து டைப்பிங் கடை நடத்தினார்.

மற்ற கடைகளில் ஆள் வந்ததும் டைப் அடிக்க ஆரம்பிப்பார்கள். பாய்க்கு முதலில் பாதை போட்டாக வேண்டும். டைப் அடிக்கிற எடிட்டரைத் திறந்தால், கோப்புகளைப் போட்டு வைக்கிற எந்த டைரக்டரியில் அது கோப்பைத் தேட வேண்டும், எங்கே சேமிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிற வேலை அது. அந்த டைரக்டரிக்கு ஆள் பேரை வைக்க மாட்டார். ஊர் பேர்தான்.

"முருகன் நூறு பேரு வருவாக. கூமாப்பட்டி ஒண்ணுதான இருக்கு?" என்பார்.

ஒருநாள் கூமாப்பட்டியிலிருந்து ரெண்டு பேர் வந்து தொலைத்தார்கள். ஒருவருக்குக் கல்யாணப் பத்திரிகை, இன்னொருவருக்குத் தென்னை விவசாயிகள் கூட்டத்துப் பேச்சு. மறுநாள் கல்யாண வீட்டுக்காரர் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ் பாய்! மாப்பிள்ள பேரு போடச் சொன்னா காண்டாமிருக வண்டுக்கு மருந்து போட்டிருக்கீரு!"

பாய் அசரவில்லை. "ஊரு சரிதான? பாதை தப்பல. ஒரே பாதையில ரெண்டு பேரு நின்னுட்டீக, அம்புட்டுதான்." அன்றிலிருந்து தெருப் பேரையும் கேட்க ஆரம்பித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சராக இருந்த நான், கோடை விடுமுறையில் என் எம்.பில். ஆய்வேட்டை நானே உட்கார்ந்து அடிக்க அவர் கடைக்குத்தான் போனேன். ரெண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இந்த முறையும் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. என் தெருப் பேரைக் கேட்டு, மடவார் வளாகம் என்று எனக்கு ஒரு டைரக்டரி போட்டார். கூடவே, சேமிக்கும்போதெல்லாம் செருகி வைத்த ப்ளாப்பித் தட்டிலும் ஒரு நகல் விழும்படி பாதை வைத்தார். ஒவ்வொரு முறையும் கர்ர் கர்ர் என்று இழுக்கும். எனக்குப் பொறுமை ஏது? பாய் தொழுகைக்குப் போன நேரத்தில் அந்த ப்ளாப்பிப் பாதையை அழித்துவிட்டேன்.

மறுநாள் வந்தால் மறுபடியும் கர்ர். திரும்ப அழித்தேன். அடுத்த நாளும் அதே கதை. அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டருக்கு மறதி வந்துவிடுகிறது என்று முடிவுகட்டி, தினமும் காலையில் அழிப்பதை ஒரு கடமையாகவே வைத்துக்கொண்டேன்.

கெடுவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. திரும்பி வந்த பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹார்டு டிஸ்க் போச்சு டீச்சர்" என்றார்.

"பாய், ப்ளாப்பிப் பாதைய நான்தான் தெனமும் அழிச்சேன். எல்லாம் போச்சு."

"தெரியும்" என்றவர், மேஜை டிராயரைத் திறந்து ஒரு ப்ளாப்பியை எடுத்து நீட்டினார். "நீங்க போன பொறவு தெனமும் பாதைய மறுபடி போட்டு, கோப்பத் திறந்து ஒருக்கா சேமிச்சிருவேன். நேத்து வரைக்கும் இதுல இருக்கு. இன்னைக்கு அடிச்சது எம்புட்டு?"

"எட்டுப் பக்கம்."

"வாங்க, அடிச்சிருவோம்."

கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, பக்கத்துத் தெருக் கம்ப்யூட்டர் வகுப்பில் இடம் கேட்டு, அந்த எட்டுப் பக்கத்தையும் அவரே அடித்துக் கொடுத்தார். முடிந்ததும் கேட்டேன்: "ஊரையே ஏசுவீக. என்னை ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்களே பதறிக்கிட்டு இருந்தீக. ஏசினா கடைக்கு வராமப் போயிருவீக. பொறவு யாரு இத முடிக்கிறது?"

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பேராக அவர் பேரைப் போட்டேன். என் பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, "யாரும்மா இந்த பாய்? எந்தக் கல்லூரி?" என்று கேட்டார்.

"கல்லூரி எல்லாம் இல்ல சார். இவரு இல்லன்னா நீங்க திருத்துறதுக்கு இந்தப் பக்கமே இருந்திருக்காது" என்றேன்.

அவர் சுழித்தது சுழித்தபடி இருக்க, பாய் பேரை அப்படியே விட்டுப் பைண்டிங்குக்குக் கொடுத்தேன்.