எட்டாவது விரல்

அழிந்துபோன உயிரினங்களை மீட்டெடுப்பதில் எங்கள் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இணையான நிறுவனம் இந்தப் பூமியில் இல்லை என்பதை எங்கள் இயக்குநர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

உலகின் கடைசி நீலத்தாடிக் குருகு இங்கேதான் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்தது. அதன் உடல் முழுக்க அந்தக் காலத்து நச்சுக் களிம்பைப் பூசிவிட்டார்கள். மரபணு எடுக்கத் தகுந்த இடம் கால்விரல்களின் அடிச்சதை மட்டுமே. விரல்கள் மொத்தம் எட்டு. பொறுப்பேற்கும் ஒவ்வொரு இயக்குநரும் 'டி.என்.ஏ. மீட்புப் பெருவிழா' எடுத்து, மேடையில் தம் கையாலேயே ஒரு விரலை வெட்டுவது மரபு. இதுவரை ஏழு இயக்குநர்கள் பணியாற்றிவிட்டார்கள்.

எட்டாமவர் வந்து சேர்ந்த அன்றே மாதிரிகளின் காப்பாளர் கண்ணாடிப் பெட்டியருகே போய், மிச்சமிருந்த ஒற்றை விரலை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். பதினோரு வருடமாகப் பூச்சி அரிக்காமல் அந்தக் குருகைக் காத்துவந்தவர் அந்த அம்மாள். முந்தைய ஏழு விழாக்களின் அறிக்கைகளும் அவருக்கு மனப்பாடம். ஏழிலும் ஒரே முடிவு: மனிதன், ஆண். புகைப்படத்தில் மோதிரம் தெரியாது என்று கையுறையும், முகம் தெரியாது என்று முகக்கவசமும் தவிர்க்கப்பட்டதன் பலன். புதியவருக்கோ தீராத ஜலதோஷம் வேறு.

கையுறையாவது போட்டுக்கொள்ளும்படி காப்பாளர் மூன்று குறிப்புகள் எழுதிப் பார்த்தார். மூன்றும் 'பார்த்தேன்' என்ற கையெழுத்தோடு திரும்பி வந்தன.

கடைசியில் வீட்டுக்காரரிடம் போய் நின்றார். அவர் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர்.

"ஒரு வெரல் வேணுங்க. மெழுகுல. நகத்தோட."

"எனக்குப் பல்லுதான் வரும். யாருக்கு?"

"ஒரு பறவைக்கு."

"வலது காலா, இடது காலா?" என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபது வருடம் ஆகியிருந்தது.

விழாவுக்கு முதல்நாள் காப்பாளர் கையுறை, முகக்கவசம், தலையுறை சகிதம் உண்மையான விரலைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து ஒரு குழாயில் அடைத்து, 'மாதிரி இரண்டு' என்று எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பினார். குருகின் காலில் மெழுகு விரல் ஒட்டப்பட்டது. பார்க்க அசலைவிட லட்சணமாக இருந்தது.

மறுநாள் இயக்குநர் அந்த விரலை வெட்டினார். படம் சரியாக விழவில்லை என்று வெட்டுவது போல இன்னும் இருமுறை செய்து காட்டினார். நான்கு முறை தும்மினார். ஒவ்வொன்றுக்கும் அவை கைதட்டியது.

ஒரு மாதத்தில் அறிக்கைகள் வந்தன. மாதிரி ஒன்று: மனிதன், ஆண், நூறு சதவீதம். மாதிரி இரண்டு: பறவை, இதுவரை பதிவாகாத இனம், மனிதக் கலப்பு துளியும் இல்லை.

உடனே அவசரக் கூட்டம் கூடியது. எந்த மாதிரி மாசுபட்டது என்பதே பொருள்.

"ஏழு அறிக்கையும் ஒரே மாதிரி வந்திருக்கு. எட்டாவதும் அப்படியே வந்திருக்கு," என்றார் இயக்குநர், மூக்கைத் துடைத்தபடி. "நடுவுல இது எங்கேர்ந்தும்மா வந்துது?"

"பறவைலேர்ந்து சார்."

"அதைத்தான் கேக்கறேன். பறவையை யாரு உள்ள விட்டது?"

இனி மறைப்பதில் பயனில்லை என்று காப்பாளர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேடையில் வெட்டப்பட்டது வெறும் மெழுகு என்று கேட்டதும் குழு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்த உறுப்பினர் பாராட்டுத் தீர்மானம் ஒன்றை முன்மொழிந்தார். செத்த பறவையிலிருந்து டி.என்.ஏ. எடுப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மெழுகிலிருந்தே எடுத்துக் காட்டிய முதல் நிறுவனம் இதுதான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இயக்குநர் அடக்கத்தோடு இன்னொருமுறை தும்மினார்.

மிச்சமிருந்தது மாதிரி இரண்டு. விழா இல்லாமல், தலைமை உரை இல்லாமல், நன்றியுரை இல்லாமல் எடுக்கப்பட்ட மாதிரி. விதிமுறைப்படி அதையும் அதன் அறிக்கையையும் எரித்துவிட முடிவானது.

"எரிச்சுட்டா அவ்ளோதான் சார்," என்றார் காப்பாளர். எழுந்து நின்றிருந்தார். "இன்னொரு வெரல் கெடையாது."

"கவலைப்படாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னொரு எட்டு சொல்லி வைங்க. எனக்கப்புறம் வர்றவங்களுக்கு வேணும்ல," என்று இயக்குநர் பரிவோடு சொல்லிவிட்டு, உத்தரவில் கையெழுத்திட்டார்.

அந்தப் பறவையை முதல் தடவை ஒழித்துக்கட்ட வேட்டைக்காரர்களுக்கு நூறு வருடமும் எத்தனையோ துப்பாக்கிகளும் தேவைப்பட்டன. பாவம், நிர்வாகம் தெரியாதவர்கள்.