அக்கா லஞ்சமான கதை

ஒரே மாதிரித் தொடங்கி ஒரே நீளத்தில் முடிகிற ஆங்கிலச் சொற்களை உண்டாக்கியவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் வீட்டில் ஒரு கலியாணமும் நடந்திருக்காது. நடந்திருந்தால் மணப்பெண்ணுக்குப் பிரைட் என்றும் லஞ்சத்துக்குப் பிரைப் என்றும் பெயர் வைத்திருப்பார்களா? இரண்டுக்கும் ஐந்தைந்து எழுத்து. முதல் மூன்றும் அதே, கடைசியும் அதே. நாலாவதில் மட்டும் ஒன்றுக்கு டி, மற்றதுக்குப் பி. அதுவும் ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது. ஆனால் பிழை என்னுடையதாம். எங்கள் குடும்பம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது.

சில வருடங்களுக்கு முன் என் அக்கா கஸ்தூரிக்குக் கலியாணம் பேசி முடிந்தது. கொழும்பில் நாங்கள் வெள்ளவத்தை. மாப்பிள்ளை கொட்டாஞ்சேனைக்காரர், மெல்பேர்னில் வேலை. தாலி கட்டிய கையோடு அவர் திரும்பிப் போக வேண்டும். அக்காவின் விசாவுக்கோ பதிவுச் சான்றிதழ் வேண்டும். ஆகவே பதிவாளரை மண்டபத்துக்கே வரவழைத்து, தாலி கட்டுவதற்கு முன் பதிவு எழுத்தை முடிப்பதென்று ஏற்பாடு. பதிவாளர் ஹெவ்லொக் டவுனில் இருந்த ஒரு சிங்கள அம்மையார். யாரிடமும் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்காதவர் என்று பெயர்.

அவருக்குத் தமிழ் வராது. அப்பாவின் சிங்களம் மரக்கறிக் கடையோடு நின்றுவிடும். எனவே ஆங்கிலத்தில் ஈமெயில் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கினவள் நான். இதை இப்போது வீட்டில் ஒருவரும் நினைவுபடுத்துவதில்லை.)

கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து வரும்போது, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் போனில் எழுதினேன். மூன்று எழுத்து அடித்தவுடன் போன் தானாகவே ஒரு சொல்லை நீட்டியது. நீட்டியதை அமத்தினேன். ஒருமுறை அமத்தியதும், இவளுக்கு வேண்டியது இதுதான் என்று முடிவுகட்டி ஒவ்வொரு முறையும் அதையே நீட்டியது. எழுத்துப்பிழை என்றால் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். விழவில்லை. லஞ்சமும் அகராதியில் உள்ள மரியாதையான சொல்தானே!

நான் அனுப்பியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மதிப்புக்குரிய மேடம், லஞ்சம் காலை எட்டு மணிக்கே தயாராக இருக்கும். என் மாமா பின்வாசலால் கொண்டுவருவார். நிறையத் தங்கம் இருப்பதால் லஞ்சத்தை மாடிக்கு ஏற்றுவது கஷ்டம். நீங்கள் கீழ் அறைக்கு வந்தால், சனம் கூடுவதற்கு முன் அலுவலை முடித்துவிடலாம். லஞ்சம் பார்வைக்குச் சின்னதாகத் தெரியும், ஆனால் சட்டப்படி எல்லாம் சரி.’ முடிவில் அன்பான ‘ரிகார்ட்ஸ்’ சொல்ல வேண்டிய இடத்தில் அன்பான ‘ரிக்ரெட்ஸ்’, அதாவது வருத்தங்கள். அதுவும் அதே ஆரம்பம், அதே நீளம். வேறென்ன?

மறுநாள் அம்மையார் அப்பாவுக்குப் போன் எடுத்தார். இந்த ஈமெயில் உங்களுக்குத் தெரிந்துதான் வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். ஒவ்வொரு சொல்லும் தான் சொல்லித்தான் மகள் எழுதினாள் என்று அப்பா பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். (பச்சைப் பொய். நான் எழுதிய நேரம் அவர் சமையல்காரரோடு கத்தரிக்காய் விலை கதைத்துக்கொண்டிருந்தார்.) அதோடாவது விட்டாரா? சின்ன மகளின் கலியாணத்துக்கும் உங்களுக்கு இதே மாதிரிச் செய்வோம் என்று வாக்கு வேறு கொடுத்திருக்கிறார். தான் வரப்போவதில்லை என்றும், மேலிடத்துக்கு அறிவிக்கப் போவதாகவும் சொல்லி அம்மையார் போனை வைத்துவிட்டார்.

கலியாணத்துக்கு இரண்டே நாள். பதிவுக்கான அறிவித்தல் எல்லாம் அவரிடம்தான் கொடுத்திருந்தோம். இனி வேறு பதிவாளரைப் பிடிக்க முடியாது. நீ என்னத்தை எழுதினனி என்று எல்லாரும் என் மேல் பாய்ந்தார்கள். நான் ரோசத்தோடு ஈமெயிலை உரக்க வாசித்தேன். பிரைட், பிரைட் என்றே வாசித்தேன். என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. அக்கா போனைப் பறித்துப் பார்த்தாள்.

“என்னைப் பின்வாசலாலை லஞ்சமாக் குடுக்கிறம் எண்டு எழுதியிருக்கிறாய்,” என்றாள்.

அன்று பின்னேரமே அப்பா, அம்மா, அக்கா, நான் நாலு பேரும் ஹெவ்லொக் டவுனுக்குப் போனோம். வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று அம்மா ஒரு தட்டில் வாழைப்பழச் சீப்பு, கேக், புதுச் சேலை எல்லாம் அடுக்கி எடுத்திருந்தா. வேண்டாம் என்று வழி முழுக்கச் சொன்னேன். எழுதத் தெரியாதவள் புத்தி சொல்ல வேண்டாமாம்.

கதவைத் திறந்த அம்மையாரின் கண் நேரே தட்டில்தான் விழுந்தது. அப்பா சட்டென்று அதை வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அதைவிடக் கள்ளத்தனமாக ஒரு மனுசன் நிற்க முடியாது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். எந்தச் சொல் எது என்று குழம்பி, “பிரை... பிரை...” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அம்மையார் கதவைச் சாத்தப் போனார். அப்போதுதான் அக்கா மருதோன்றி போட்ட இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மிஸ்,” என்றாள் ஆங்கிலத்தில், “நான்தான் அந்த லஞ்சம்.”

அம்மையார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து ஈமெயிலை முதலிலிருந்து வாசித்தார். ‘பார்வைக்குச் சின்னதாக’ என்ற இடத்துக்கு வந்திருக்க வேண்டும், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது பழையபடி கண்டிப்பான முகம். எங்களை உள்ளே கூப்பிட்டு, என்னிடம் பேனையும் தாளும் தந்து, முழுவதையும் கையால் திருத்தி எழுதச் சொன்னார். நான்காம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதிக் கொடுத்தேன். தட்டு வந்தபடியே திரும்பியது. கலியாணத்தன்று எட்டு மணிக்கு முன்னமே வந்து, எழுத்தை முடித்து, ஒரு சொட்டுச் சோடாகூடக் குடிக்காமல் போனார்.

இதெல்லாம் நல்லபடி முடிந்ததே என்று யாராவது என்னை விட்டார்களா? அத்தான் மெல்பேர்னில் புது ஆட்களுக்கு அக்காவை ‘என்ர பிரைப்’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். அவளும் பக்கத்தில் நின்று சிரிக்கிறாளாம். போன மாதம் பெரியம்மாவின் மகனுக்குக் கலியாணம். அழைப்பிதழின் ஆங்கிலத்தை நான் ஒருக்கால் பார்த்துத் தரட்டுமா என்று, மனம் பொறுக்காமல், நானே கேட்டேன். பெரியம்மா என் கையை அன்போடு பிடித்துக்கொண்டா.

“உனக்கேன் பிள்ளை கரைச்சல்? நீ வாசலிலை நிண்டு பன்னீர் தெளி. அதிலை எழுத்து ஒண்டும் இல்லை.”

தெளித்தேன். பெரியம்மாவின் முகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தேன்.