தேறாத படங்களும் மழிக்காத தாடியும்

பாளையங்கோட்டை,
கார்த்திகை மாதம், திங்கட்கிழமை.

புகைப்படங்களை வாங்கி விளம்பரக்காரர்களுக்கு விற்கும் கம்பெனியின் பரிசோதகர் சமூகத்துக்கு, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற குற்றாலலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆற்றில் தண்ணீர் உண்டு, இங்கே அனைவரும் சௌக்கியம். உங்கள் கண் சௌக்கியமா என்று அறிய ஆவல்.

ஐயா, நான் அனுப்பிய படங்கள் அத்தனையையும் தரம் போதாது என்று திருப்பிவிட்டீர்கள். குறுக்குத்துறையில் விடியுமுன் குளிக்கிறவர்களை எடுத்தேன். வெளிச்சம் குறைவு, படம் முழுக்கப் புள்ளி என்றீர்கள். அந்த நேரத்தில்தான் குளிக்கிறார்கள், சூரியனை எழுப்பிவிட நான் யார்? கல்லிடைக்குறிச்சியில் பாயில் காயும் அப்பளத்தை எடுத்தேன். அப்பளம் மங்கல், பின்னால் நிற்கும் காக்காய் மட்டும் தெளிவு என்றீர்கள். கேமரா தானாகக் காக்காயைப் பிடித்துக்கொண்டால் நான் என்ன செய்யட்டும்? கொற்கைக் குளத்தை எடுத்து, உங்களுக்குப் பிடிக்கட்டுமே என்று கல்யாண ஆல்பம் போடும் தாஜ் முகம்மது தம்பியிடம் மெருகேற்றக் கொடுத்தேன். அவன் கைப்பழக்கத்தில் தண்ணீரை ஊதாவாக்கி, இரண்டு அன்னப்பறவைகளையும் மிதக்கவிட்டுவிட்டான். அளவுக்கு மீறிய திருத்தம் என்று அதுவும் திரும்பியது. அப்புறம் எடுத்த எல்லாப் படத்திலும் நடுவில் ஒரு மூட்டம். என்னவென்று பார்த்தால், ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரி பாலம்மாள் அரிவாள்மணைக்கும் ஸ்கூட்டருக்கும் வைத்த கையோடு, கேமராவின் கண்ணாடியிலும் சந்தனம் அப்பிக் குங்குமம் இட்டிருக்கிறாள். துடைத்தேன், பரவியது. கேட்டால், "அதுக்கு நெத்தி எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் முதல் படம் திரும்பிய அன்றே, ஒரு படமாவது தேறும்வரை சவரம் இல்லை என்று பாபநாசம் சுவாமிக்கு நேர்ந்துகொண்டேன். தாடி இப்போது நெஞ்சு வரை வந்துவிட்டது. வருகிற தையில் என் ஒரே மகள் விஜயஸ்ரீக்குக் கல்யாணம். "இந்தக் கோலத்துல பந்தலுக்கு வந்தீங்கன்னா, தாரைவார்க்க எங்க அண்ணனையும் மைனியையும் நிப்பாட்டிருவேன், பாத்துக்கிடுங்க" என்று பாலம்மாள் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள். எம் பிள்ளையப் பிடிச்சுக் குடுக்க அவன் யாருவே? நெனைச்சாலே அழுகை வருது. அதுக்காக, நேர்ந்ததை சாமிகிட்ட போயி வாபஸ் வாங்க முடியுமா? நானும் விடமாட்டேன், படம் அனுப்பிக்கிட்டேதான் இருப்பேன். கொஞ்சம் புள்ளி இருந்தா என்ன, கொஞ்சம் மங்கினா என்ன, உலகமே அப்படித்தாம்வே இருக்கு! உம்ம சட்டத்தை எல்லாம் தூக்கிக் குப்பையில போடும்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் குழந்தைகளுக்கு ஆசியும் உரித்தாகுக. கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூ ஒத்திக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பின்வாங்காத
குற்றாலலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் விஜயஸ்ரீ ஓடி வந்தாள். போன வாரம் கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கு நடுவே ஏதோ தாளை நீட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினாள், என் முகத்தைப் படமாக விற்கச் சம்மதப் பத்திரமாம். மாடியில் நான் நின்றதைத் தன் போனில் எடுத்து, 'எல்லாவற்றிலும் தோற்ற முதியவர்' என்று பெயர் போட்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். நீங்களும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டீர்களாம்! "ஒரு படம் தேறிட்டுல்லா, இனியாவது மழிங்கப்பா. நீங்கதான் என்னையக் குடுக்கணும்" என்று அழுகிறாள். ஐயா, அந்தப் படத்தைக் கண் திறந்து பார்த்தீர்களா? தாடி முழுக்கப் புள்ளி, முகம் மங்கல், தலைக்குப் பின்னால் கொடியில் காயும் பாவாடை மட்டும் பளிச்சென்று தெளிவு. உங்கள் சட்டம் ஒவ்வொன்றும் நியாயமானது. எதையும் தளர்த்தாமல் அதை உடனே நிராகரிக்கவும். உடனே என்றால், தாரைவார்த்து முடிந்த மறுநாள். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள். சலூன்காரர் வந்து கீழே உட்கார்ந்திருக்கிறார்.