ஒரு தெரு முழுக்க வைத்தியர்கள்

உலகத்தில் உள்ள அத்தனை வேலைகளையும் பத்துப் பன்னிரண்டு பிரிவுகளுக்குள் அடைத்துவிடலாம் என்று நம்புவதற்கு ஒரு வயது உண்டு. எனக்கு அந்த வயது எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்திருந்தேன். (இரண்டாம் வகுப்புதான். ஆனால் நடையைப் பார்த்தால் முதல் வகுப்பு மாதிரி இருக்கும்.) விவசாயம், உற்பத்தி, வியாபாரம், போக்குவரத்து, மருத்துவ சேவை என்று கண்ணில் பட்டவரையெல்லாம் பிரித்துக்கொண்டே இருப்பேன். டீக்கடையில் நின்றால், டீ ஆற்றுகிறவர் உற்பத்தியா, சேவையா என்று யோசிப்பேன். அதற்குள் டீ ஆறிப்போய்விடும்.

காஞ்சிபுரத்தில் ஒரு அலுவலகத்தில் தற்காலிகக் கணக்கெடுப்பாளர் வேலை கிடைத்தது. தாமலில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அப்பா பஸ் கண்டக்டர். எந்தெந்தத் தெருவில் மக்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். மருத்துவத்துக்கு ஆள் இல்லாத தெருவாகப் பார்த்து இலவச மருந்தகம் திறப்பார்கள். அதிகாரி என்னிடம் சொன்னார்:

“நீங்க என்ன தொழில்காரங்கன்னு கேக்காதே. எல்லாரும் பரம்பரைத் தொழிலைச் சொல்லிடுவாங்க. போற அன்னிக்கு என்ன செய்யறாங்கன்னு பார்த்து எழுது. ஒழுங்கா முடிச்சா நிரந்தர வேலைக்கு உன் பேரை அனுப்பறேன்.”

அந்த நிரந்தர வேலையை நம்பி அம்மா எனக்குப் பெண்ணே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குக் கொடுத்தது பட்டு நெசவாளர் தெரு. போன அன்று ஒரு தறிச் சத்தமும் இல்லை. பேசுவதற்கு வசதியாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். முதல் வீட்டில் வடை கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து இரண்டு சாப்பிட்டேன்.

அடுத்த வீட்டில் பச்சையம்மா என்ற பெண்மணி, காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு என்ன வேலைம்மா செய்யறீங்க?”

“பாத்துக்கினுதானே கீற? இவருக்கு முட்டி உருவி உட்டுக்கினு இருக்கேன்.”

“இவர் என்ன வேலை செய்யறார்?”

“இன்னிக்கு இன்னா வேலை? எதிர் வூட்டுக்காரருக்குத் தோள்பட்டை புடிச்சிக்கினுதாம். தைலம் தேய்க்கப் போவாரு.”

இருவரையும் மருத்துவ சேவையில் போட்டேன். எழுதிக்கொண்டே பின்னால் நகர்ந்தவன் தறிக்குழிக்குள் விழுந்தேன். (தரையில் பள்ளம் தோண்டி, அதில் காலைத் தொங்கவிட்டுத்தான் அங்கே நெய்வார்கள்.) கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பச்சையம்மா ஓடி வந்து என் காலையும் உருவி விட்டார். ஐந்து நிமிடத்தில் நடந்தேன். அவசர சிகிச்சையும் இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். விழுந்தது தறிக்குழியில், தலைக்கு மேலே பாதி நெய்த பட்டுச் சேலை. அதைப் பார்த்தும் என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

வீட்டுக்கு வீடு அதே கதைதான். ஒருவர் கஷாயம் காய்ச்சினார், இன்னொருவர் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தார். நெய்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

தெருக்கோடியில் இருந்த நெசவாளர் சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டார்கள். என் அறிக்கையை நானே வாசித்தேன். “இத்தெருவில் நெசவு அறவே மறைந்துவிட்டது. மக்கள் அனைவரும் மருத்துவ சேவைக்கு மாறிவிட்டனர்” என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை வாசித்தேன். (எழுதும்போதே எனக்குப் பிடித்த வரி.) எதிரே உட்கார்ந்திருந்த தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இத்தனை பேர் மருத்துவத்துல இருந்தா இங்க மருந்தகம் எதுக்கு? வேற ஊருக்கு எழுதிடலாம்” என்றார் அதிகாரி.

வாசல் பக்கத்தில் இருந்து பச்சையம்மா குரல் வந்தது.

“ஏம்பா, அமாவாசைல வந்து இன்னா வேலைன்னு கேட்டா நாங்க இன்னா சொல்லுவோம்?”

நான் கேட்டேன்: “ஏன், அமாவாசைக்குத் தறி ஓடாதா?”

கட்டிடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். அமாவாசையன்று நெசவாளர்கள் தறியில் உட்காரமாட்டார்கள் என்பது காஞ்சிபுரத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். கண்டக்டர் வீட்டில் வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸுக்கு அமாவாசை கிடையாது. எனக்கு அமாவாசை என்றால் வடை, அவ்வளவுதான். அதையும் அந்தத் தெருவில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பச்சையம்மா மட்டும் சிரிக்கவில்லை. “மாசம் பூரா குழியில குந்திக்கினு மரத்துப்போன காலுப்பா. அன்னிக்குத்தான் நீட்டறோம். போன மழைக்கு என் மருமவளுக்கு ஜன்னி கண்டுது, மாட்டு வண்டி புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனோம். அதுக்கும் நாங்களே எண்ணெய் தேய்க்கறதா?”

சிரிப்பு நின்றது. அதிகாரிக்கு முகம் கறுத்துவிட்டது. “எடுத்த நாள்ல இருந்த நிலைமையைத்தான் எழுதியிருக்கான். கணக்கு சரிதானே?” என்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினால் போதும். வேலையும் நிரந்தரம், கல்யாணமும் நிச்சயம். ஆட்டத்தான் ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பு சார். திரும்ப எடுக்கணும்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. யாரும் கை தட்டவில்லை.

மறுபடி போனபோது தெரு முழுக்கத் தறிச் சத்தம். கேள்வியைக் கத்திக் கத்திக் கேட்டுத் தொண்டை கட்டியது. எனக்காக ஒருவரும் தறியை நிறுத்தவில்லை. மருத்துவ சேவைக்கு நேரே எழுத ஓர் ஆள்கூட இல்லை. சில மாதங்களில் அந்தத் தெருவிலேயே மருந்தகம் திறந்தார்கள். என் பெயரை அதிகாரி அனுப்பவில்லை. மருந்தகத்தின் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாகவும் இருக்கும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும்.

அப்பா சும்மா இருப்பாரா? டிக்கெட் கொடுத்துக்கொண்டே பஸ் முழுக்கச் சொன்னார்: “என் புள்ள ஒரே நாள்ல ஒரு தெருவுக்கே டாக்டர் உத்தியோகம் போட்டுக் குடுத்தான். அவனுக்குத்தான் ஒண்ணும் கெடைக்கல.” கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் சொந்தக்காரர்கள் என்னிடம் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வார்கள். இன்றும் சொல்கிறார்கள்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு, பஸ்ஸில் நின்று நின்றே அவருக்குக் கால் வீங்கிப்போனது. அந்த மருந்தகத்துக்குத்தான் அழைத்துப் போனேன். காலுக்குக் கட்டுப் போட்டுவிட்ட இளம் டாக்டரிடமும் அப்பா கதையை விடாமல் சொல்லி முடித்தார். டாக்டர் சிரித்துவிட்டு, “உங்க பிள்ளை இப்ப என்ன வேலை செய்யறார்?” என்று கேட்டார்.

“இன்னிக்கு எழுதறதா இருந்தா,” என்றார் அப்பா, என் தோளைப் பிடித்து எழுந்துகொண்டே, “என்னைக் கைப்புடிச்சு இட்டுக்கினு வந்திருக்கான். எந்தப் பிரிவுன்னு நீங்களே போட்டுக்குங்க.”