எழுத்துப் போட மறந்த புத்தகம்

பொம்முக்குட்டி,

அக்கா எழுதுவது. இங்கே நானும், உன் வீட்டுக்காரரும், உன் மகள் சுண்டுவும் இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்கத்தான் கை முதலில் போனது. நீ போன பிறகு அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் எப்போதும் போல் சிரித்துக்கொள்.

விஷயம் இதுதான். இந்த மாதக் கடைசியில் நான் என் அறைக்கே திரும்புகிறேன். உனக்கு முடியாமல் போனபோது ஒரு பையோடு வந்தவள், அதே பையோடு போகிறேன். முட்டி தாங்கவில்லை. சுண்டுவைப் பார்த்துக்கொள்ள உன் வீட்டுக்காரர் ஓர் ஆள் வைத்துக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் காரணம், மத்தியானம் சுண்டுவைத் தூங்கவைக்க நீ தினமும் எடுப்பாயே, அந்தக் கரடிப் புத்தகம்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இத்தனை வருஷமாய் இருக்கிறேன், டாக்டர் கோட்டுப் பையில் மறந்த பேனாவைத் தொட்டே கண்டுபிடிப்பவள், இங்கே வீட்டில் சுண்டுவின் போர்வையை அப்படியே சுருட்டி மெஷினில் போட்டேன், உள்ளே கரடி இருந்திருக்கிறது. எடுத்தபோது புத்தகம் கூழ். அதே தண்ணீரில் துவைத்த உன் வீட்டுக்காரரின் கறுப்புச் சட்டையில் கரடிக் காது ஒன்று ஒட்டிக்கொண்டது, முதுகில் காதோடு அவர் வேலைக்குப் போய் வந்துவிட்டார், மனைவி போன மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று ஆபீசில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையாம். சுண்டு மட்டும் "காதை எடுக்காதீங்க"ன்னு அழுதாள். கரடி இல்லாம அவ மத்தியானத் தூக்கம் போச்சு. சரி, புதுசு வாங்கிடலாம்னு புத்தகக் கடைக்குப் போனேன்.

கரடிப் புத்தகம் வேணும் என்றேன். கடைக்கார அம்மா, "எந்தக் கரடிங்க? குளிக்கிற கரடி, தொப்பி போட்ட கரடி, தூங்காத கரடி எல்லாம் இருக்கு. எழுதினவங்க பேரு தெரியுமா?" என்றாள். "அது தெரியாது, என் தங்கச்சிதான் படிப்பா" என்றேன். அவள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருந்த கரடியையெல்லாம் இறக்கி என் முன்னால் வைத்தாள். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன் பொம்மு, நன்றாகத்தான் இருந்தது. ஒன்றில் விரல் விட்டுப் பார்க்க ஓட்டை இருந்தது, அந்தப் பக்கம் புழு. கரடிகளோடு கலந்து வந்த ஒன்றில் பூனை வயிற்றில் நிஜமாகவே ரோமம் ஒட்டியிருந்தது. சோப்புத் தண்ணியில ஊறி மரத்துப்போன கை, சூடு சொரணை தெரியாது, ஆனா அந்தப் பூனை வயிறு தெரிஞ்சுது. தடவிக்கிட்டே இருந்துட்டேன். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. கடைக்கார அம்மா ஒரு பக்கம் இழுக்க, புத்தகம் வாங்க வந்த ஒரு பெரியவர் மறுபக்கம் இழுக்க, அந்த மானக்கேட்டைச் சொல்லி முடியாது.

கடைசியில் நம் கரடி கிடைத்தது. மழை, குடை, எல்லாம் சரி. திறந்தால் எழுத்தே இல்லை.

"இதுல எழுத்துப் போட மறந்துட்டாங்க. வேற நல்லதா குடுங்க."

"இது அப்படித்தாங்க. எழுத்து கிடையாது. படத்தைப் பாத்து நாமளே சொல்லிக்கணும்."

"என் தங்கச்சி தினமும் படிச்சாளே, நான் அடுப்படியில நின்னு கேட்டிருக்கேன்."

"சொல்லியிருப்பாங்க" என்றாள்.

படிக்காதவள் என்று ஏய்க்கிறாளோ என்று நாற்காலி இழுத்த பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை பார்த்துவிட்டு, "இல்லைதாம்மா" என்றார். மறுபடியும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னதெல்லாம் எங்கேயும் அச்சில் இல்லை, உன்னோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, "கரடி குடை பிடிச்சுக்கிட்டு நடக்குது"ன்னு ஆரம்பிச்சேன்.

"அப்படி இல்ல. 'அப்பாடா, என் முட்டி'ன்னு சொல்லிட்டுத்தான் நடக்கும்" என்கிறாள் உன் மகள்.

"கரடிக்கு ஏதுடி முட்டி வலி?"

"பெரியம்மாவுக்கு இருக்குல்ல, அதே வலி. அடுத்த பக்கத்துல, 'இந்த வீட்டுல வச்ச சாமான் வச்ச எடத்துல இருக்காது'ன்னு கத்தும்."

அடிப்பாவி. அடுப்படியில் நின்று கேட்ட காலத்தில் எல்லாம், இந்தக் கரடி எவ்வளவு நியாயமாகப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

இந்த வயதில் கரடி வேஷமெல்லாம் கட்ட முடியாது. அந்தக் கடைப் பக்கமும் இனித் தலைவைத்துப் படுக்கமாட்டேன். பை கதவுக்குப் பின்னால் தயாராக இருக்கிறது. நீ இருக்கும் இடத்தில் நோவு நொடி இல்லாமல் இரு. பிள்ளை மேல் ஒரு கண் வைத்திரு.

உன் அக்கா

பின்குறிப்பு: பூனைப் புத்தகத்தையும் வாங்கி வந்துவிட்டேன். கரடிப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் வரும் முன்னே சுண்டு எப்போதும் தூங்கிவிடுவாளாம், அதில் நீ என்ன சொல்வாய் என்று அவளுக்கும் தெரியாது. இன்றைக்கு மத்தியானம் தூங்காமல் அதுவரை வந்துவிட்டாள். மழை விட்டிருக்கிறது, கரடி ஒரு வீட்டு வாசலில் நிற்கிறது, குடை மடக்கியிருக்கிறது, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. "உள்ள வருதா, வெளிய போகுதா?"ன்னு கேட்டாள். நான் சும்மா இருக்கமாட்டாமல், "உள்ளதான் வருது"ன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு என்ன செய்வது, பையைப் பிரித்து என் துணியை எல்லாம் உன் அலமாரியில் அடுக்கிவிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் இன்னும் விடாமல் கேட்கிறாள்: உள்ளே வந்ததும் கரடி என்ன சொல்லும், பொம்மு?