நோன்பு மீறும் விதிமுறைகள்

கிவாத் ஓரன் கூட்டுப்பண்ணையில் கடவுள் கிடையாது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த முதல் பொதுக்கூட்டத்தில், ஆதரவாகப் பதினேழு பேரும் எதிராக இரண்டு பேரும் கை தூக்க, அவர் இல்லை என்று முடிவாகிவிட்டது. எதிர்த்த இருவரும் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு மறுநாளே நம்புவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த முடிவை ஊரறியச் செய்ய வேண்டாமா? யூதர்களெல்லாம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடக்கும் யோம் கிப்பூர் அன்று, பட்டப்பகலில், மதம் விலக்கிய பன்றிக்கறியையே விருந்து வைத்தார்கள். ஏதோ இளரத்தத்தின் வேகத்தில் செய்த காரியம். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது மரபாகிவிட்டது. மரபு என்று வந்த பிறகு குழு இல்லாமல் முடியுமா? மரபுக் குழுவும் வந்தது. தலைவி தீர்சா.

குழு முப்பத்தொரு பக்கத்தில் விதிமுறை வகுத்திருந்தது. நோன்பை மீறுவது சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு. ஒவ்வொருவரும் குறைந்தது ஓர் ஒலிவக்காய் அளவாவது விழுங்கினால்தான் மீறல் செல்லும். போன வருஷம் கடைக்காரன் வான்கோழியைப் பன்றி என்று தலையில் கட்டிவிட்டதால், பண்ணை முழுவதும் பாதிப் பாவம்தான் செய்திருந்தது. எனவே 'இது கலப்படமற்ற பன்றி' என்று கறியில் முத்திரை குத்த ஒரு மேற்பார்வையாளர் நியமிக்கப்பட்டார். இறைச்சி, பால், தேன் எதையும் தொடாத புது மோஸ்தரில் இருந்த இளைஞர்களுக்குச் சோயாவிலேயே ஒரு பன்றி செய்து வைக்கப்படும். வால் கட்டாயம்.

மாட்டுத்தொழுவப் பொறுப்பாளர் அவ்னேருக்கு ஐம்பத்தெட்டு வயது. இதுவரை ஒரு வருஷம்கூடத் தட்டில் மிச்சம் வைத்ததில்லை. அப்படிப்பட்டவர் தீர்சாவின் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"இந்த வருஷம் நான் சாப்பிடல தீர்சா."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன கேடு? அப்பா போய் ஆறு மாசம்தான் ஆகுது. வருஷா வருஷம் கறி வெட்டுனது அவரு. அந்த இடத்துல வேற ஒருத்தன் நின்னு வெட்டுறதைப் பார்த்துக்கிட்டு எனக்குத் தொண்டையில இறங்காது. ஒரு நாள் சும்மா அவரை நினைச்சுக்கிட்டு இருந்துடறேனே."

"கடவுளை நம்ப ஆரம்பிச்சுட்டியா?"

"சத்தியமா இல்ல."

"நம்பிக்கை இல்லாம பட்டினி கிடந்தா அதுக்குப் பேரு மூடநம்பிக்கை. நம்பிக்கை இல்லாம சாப்பிட்டாத்தான் கொள்கை. விதியைப் பாரு: கர்ப்பிணி, நோயாளி, சின்னப் பிள்ளைங்க, இவங்களுக்கு மட்டும்தான் சாப்பாட்டுலேர்ந்து விலக்கு. நீ இதுல யாரு?"

அவ்னேர் யோசித்தார். அவர் மூன்றிலும் இல்லை.

"இன்னொண்ணு. விருந்துக்கு மறுநாள்தான் உன் பொண்ணு இன்பாருக்கு ஓட்டெடுப்பு. உறுப்பினர் ஆனாத்தான் அவளுக்கு வீடு. மரபை மதிக்காத குடும்பம்னு நாலு பேரு கையைத் தூக்கிட்டா அப்புறம் என்னைக் கேக்காதே."

செத்துப்போன அப்பாவுக்காக ஒரு நாள் பசித்திருப்பதற்கு, உயிரோடு இருக்கும் மகளின் வீடு விலையா என்று அவ்னேர் வயிறெரிந்தார். ஆனாலும் கோரிக்கையைத் திரும்பப் பெறவில்லை. குழு மூன்று முறை கூடியது. திடகாத்திரமான ஒருவன் காரணமே இல்லாமல் நோன்பு இருப்பதற்கு முப்பத்தொரு பக்கத்தில் எங்கும் வழி இல்லை. இவ்வளவு நுணுக்கமான சட்டச் சிக்கலை அவிழ்க்கத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார்: பக்கத்து ஊர் மதகுரு, ரபி பென்சிமோன். வேறு வழியின்றி விதிமுறைகளை இணைத்து அவருக்கே கடிதம் போனது.

முப்பத்தொரு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு ரபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு ஆசாரமான ஜனங்களை நம்ம ஊருலயே நான் பார்த்ததில்லையே!" என்று மனைவியிடம் சொன்னார். மனுஷர் கொஞ்சம் குறும்புக்காரர். பதில் ஒரே வரியில் வந்தது: 'முன்னோர் வழக்கத்தை மகன் விடலாகாது, அவ்னேர் சாப்பிடட்டும்.'

தீர்சா வெற்றிப் புன்னகையோடு அதைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தாள். வாசித்து முடிக்கும்போது புன்னகை இல்லை.

"ரபி சாப்பிடச் சொல்றாரு..." என்றாள்.

"அப்ப சாப்பிட்டா ரபி பேச்சைக் கேட்ட மாதிரி ஆயிடுமே!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் அலறினார்.

கூட்டம் கொதித்தது. மதவாதிகளின் தலையீட்டை வன்மையாகக் கண்டித்து, கிவாத் ஓரன் இந்த யோம் கிப்பூர் முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீரும் அருந்தாது என அறுபத்து மூன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது.

"நான் தனியா கிடக்கணும்னுதானே கேட்டேன்?" என்றார் அவ்னேர்.

"இப்ப நீ கிடந்தே ஆகணும். வருகைப் பதிவு உண்டு" என்றாள் தீர்சா.

யோம் கிப்பூர் அன்று காலையிலிருந்து மணிக்கொரு தடவை குழு உறுப்பினர் ஒருவர் வந்து, "ஆ காட்டுங்க தோழரே" என்று அவ்னேரின் நாக்கைப் பரிசோதித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அப்பாவை நினைக்க உட்கார்ந்தால் பரிசோதகர்தான் நினைவுக்கு வந்தார். அழுகை வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. இது தன் பட்டினியே இல்லை, தீர்மானத்தின் பட்டினி என்று புரிந்ததும், மூன்று மணிக்கு எழுந்து பொதுச் சமையலறையின் பின்கதவைத் தள்ளினார்.

உள்ளே நிற்க இடமில்லை. அறுபத்தேழு பேரும் இருந்தார்கள். பரிசோதகர் பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்பார் கன்னம் உப்ப அவித்த முட்டையோடு அப்பாவைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள்.

"கதவைச் சாத்து, அவ்னேர்!" என்று தீர்சா வாய் நிறைய ரொட்டியோடு கிசுகிசுத்தாள். "யாராவது பார்த்துடப் போறாங்க!"

"எல்லாரும் உள்ளதானே இருக்கோம்?" என்றார் அவ்னேர். "இன்னும் யாரு பாக்கி, பார்க்கறதுக்கு?"

மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன. அறுபத்தெட்டுப் பேரும், அவ்னேர் உட்பட, ஒரே சமயத்தில் மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள்.