அங்கப்பன் மிதிக்காத ரப்பர் மேட்

சிங்காநல்லூர்,
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய கந்தப்ப மச்சானுக்கு, குமாரசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சென்னியம்மாளும் சுகம். பட்டறையில் இரும்பு கடையும் லேத்தும் சுகம். சுகமில்லாதது அங்கப்பனின் குதிகால் ஒன்றுதான். போனில் சொன்னால் உங்கள் தங்கை காதில் விழும் என்பதால் கடிதம்.

பதினெட்டு வருஷமாக என் லேத்தை ஓட்டுகிறவர், "காங்கிரீட் தரையில நின்னு நின்னு முடியலைங்க, தீவாளியோட நின்னுக்கறேனுங்க" என்று சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். டைல்ஸ் போட்டுப் பார்த்தேன். ஆயில் சொட்டியதில் முதலில் விழுந்தது நான். பலகை போட்டேன், கடைசலில் விழும் இரும்புச் சுருள் இடுக்கில் புகுந்துகொண்டு காலைக் குத்தியது. கடைசியில் நீங்கள்தான் உங்கள் கட்டுத்தரையில் மாடுகளுக்குப் போடுகிற ரப்பர் மேட் ஒன்றை வெள்ளகோவிலிலிருந்து அனுப்பினீர்கள். ஏறி நின்று பார்த்தேன் மச்சான், உங்கள் மாடுகள் மேல் பொறாமையே வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் வினை. புதுப்பொருள் ஆயிற்றே என்று உங்கள் தங்கை அதன் நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரமும் காட்டிவிட்டாள். அங்கப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். லேத்துக்கு முன்னால் மேட். இவரோ காங்கிரீட்டில் ஓரமாக நின்று எட்டி எட்டிக் கடைசல் பிடிக்கிறார். வலி இரட்டிப்பாகிவிட்டது. "பூசை பண்ணினதை மிதிக்கலாமுங்களா? புது ஊட்டுக்கு மாடு முதல்ல போகுமில்லீங்க, அப்படி ஒரு மாடு மிதிச்சுதுன்னா நானும் மிதிப்பேனுங்க" என்கிறார். பொட்டை அழிக்கலாம் என்றால் உங்கள் தங்கை முறைக்கிறாள்.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை உங்கள் மயிலைப் பசுவை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வரவும். ஐந்து நிமிடம் நின்றால் போதும். அக்காவுக்கு வணக்கமும், குழந்தைகளுக்கு ஆசியும், பசுவுக்கு முன்கூட்டிய நன்றியும்.

இப்படிக்கு,
குமாரசாமி

பி.கு.: பசு வேண்டாம். கடிதத்தை மடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், அங்கப்பன் அந்த ரப்பர் மேட்டின் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறார். "காலுல மிதிக்கத்தானுங்க கூடாது. சாமி முன்னால படுத்துக் கும்பிடறதில்லீங்களா?" என்கிறார். வேலையையும் விடமாட்டாராம்: "இந்தச் சொகத்தை உட்டுப்போட்டு எங்கீங்க போறது?" எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இப்போது லேத்தில் நிற்பது நான். குதிகால் வலிக்கிறது. இன்னொரு மேட் அனுப்புங்கள், உங்கள் தங்கைக்குத் தெரியாமல்.